ஒரு கண்ணிலிருந்து ஒரு காடு



தைப்பூசத்திற்குப் பினாங்குத் தண்ணீர்மலைக்கு வந்து போகாத தோட்டப்புறக் குடும்பத்தைக் கெடாவிலும் வட பேராக்கிலும் காண்பது அரிது. காவடி பார்த்து, தேங்காய் உடைத்து, பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பி விடுகிறோம். அதே சாலையில் இன்னும் சற்றுத் தூரம் நடந்தால் ஒரு பெரிய பூங்கா இருக்கிறது. குரங்குகளைப் பார்க்கவென்று பிள்ளைகள் நம்மை அங்கே இழுத்துச் செல்வதுண்டு. முன்னர் கல் உடைத்த இடமாகக் கிடந்த அந்தப் பள்ளத்தாக்கில், 1884-ஆம் ஆண்டில், சார்லஸ் கர்ட்டிஸ் என்னும் ஆங்கிலேயரின் பொறுப்பில் அது தாவரவியல் தோட்டமாக அமைக்கப்பட்டது. பூப்பார்ப்பதற்காக மட்டும் அமைத்ததன்று அது. எந்த நாட்டு மரம் இந்த மண்ணில் பிழைக்கும், எது பணம் தரும் என்று சோதித்துப் பார்ப்பதற்காகவும் அமைத்த இடம்.

நம்முடைய பாட்டன் பாட்டிமாரைக் கப்பலேற்றி இங்கே கொண்டு வந்தவை மரங்களும் பயிர்களுந்தான். ஆகவே அந்தப் பயிர்களின் கதையில் ஒரு பகுதியை இன்று பேசுவோம். விதை போடாமல் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்தை உண்டாக்கும் வித்தையைப் பற்றிய கதை அது.

இதில் என்ன புதுமை என்று தாய்மார்கள் கேட்கலாம். லயத்துக் கொல்லையில் முருங்கையை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. பக்கத்து வீட்டில் ஒரு போத்து வாங்கி ஊன்றினால் போதும். மரவள்ளிக் குச்சியும் அப்படித்தான், செம்பருத்தியும் அப்படித்தான். ஊரிலே சேலத்துப் பக்கம் ஒட்டு மாங்கன்று விற்பதையும் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். ஏன் போத்து நடுகிறோம்? சுலபம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. விதை என்பது தாயும் தந்தையும் கலந்து உண்டாவது. நல்ல மரத்தின் விதை நல்ல மரமாகவும் வரலாம், ஒன்றுக்கும் உதவாததாகவும் வரலாம். நல்லவர் வயிற்றில் பிறந்த பிள்ளைகள் எல்லாரும் ஒன்று போலவா இருக்கிறார்கள்? போத்து அப்படியன்று. அது தாய் மரத்தின் உடம்பிலிருந்து பிரிந்த துண்டு. சுவையிலும் காய்ப்பிலும் குணத்திலும் அது தாயேதான்.

இந்த வேறுபாட்டை அறியாததால் உண்டான இழப்புக்குப் பினாங்கிலேயே ஒரு பழைய சான்று இருக்கிறது. 1786-இல் ஆங்கிலேயர் இத்தீவில் கால் வைத்தனர். பத்து ஆண்டுகளில், டச்சுக்காரர் கைவசமிருந்த மொலுக்கஸ் தீவுகளை அவர்கள் பிடித்தபோது, கிறிஸ்டோபர் ஸ்மித் என்ற தாவர வல்லுநர் அங்கிருந்து ஜாதிக்காய்க் கன்றுகளையும் கிராம்புக் கன்றுகளையும் ஆயிரக்கணக்கில் பினாங்குக்கு அனுப்பினார். ஜாதி மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. காய் காய்ப்பது பெண் மரம் மட்டுமே. விதையிலிருந்து முளைத்த கன்று ஆணா பெண்ணா என்பது பூக்கும்வரை தெரியாது. பூப்பதற்கோ ஆறேழு ஆண்டு ஆகும். அத்தனை காலம் களை எடுத்து, உரமிட்டு, நிழல் கட்டி வளர்த்த பிறகு, ஏறத்தாழப் பாதி மரங்கள் ஆண் என்று தெரிய வரும். மகரந்தத்திற்குச் சிலவற்றை விட்டுவிட்டு மற்றவற்றை வெட்டி எறிய வேண்டியதுதான். பின்னர் 1860 வாக்கில் நோய் வந்து பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அந்தத் தோட்டங்களைப் பெரும்பாலும் அழித்துவிட்டது. இன்று பாலிக் பூலாவ் பக்கத்தில் எஞ்சி நிற்பவற்றின் ஊறுகாயைத்தான் நாம் வாங்கித் தின்கிறோம்.

நீரிணைக்கு அக்கரையில், செபராங் பிறையில், நேர் எதிரான பயிர் ஒன்று வேரூன்றியது. அதுதான் கரும்பு. கரும்புக்கு விதை தேவையில்லை. கணுவில் கண் இருக்கும்படி கரணையாக நறுக்கிப் புதைத்தால் போதும். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் நிபோங் திபாலைச் சுற்றி இருந்த கலிடோனியா முதலிய கரும்புத் தோட்டங்களுக்குத்தான் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் பெருந்தொகையாக வந்து சேர்ந்தனர். கரணை நறுக்குவது அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய வேலையன்று. தஞ்சையிலும் திருச்சியிலும் செய்து பழகிய வேலை. அவர்கள் பட்ட பாட்டை இங்கே விரித்தால் இன்றைய பேச்சு முழுவதும் அதற்கே போய்விடும். அதைத் தனியே ஒரு நாள் பேச வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு பின்வாங்கியது. அதே நிலத்தில் பால்மரம் ஏறியது.

பால்மரம் இந்நாட்டுக்கு விதையாக வந்த கதை பலருக்குத் தெரியும். 1876-இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் காடுகளிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் கொட்டைகளை லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்திற்குக் கொண்டு போனார். ரப்பர் கொட்டை சில வாரங்களில் உயிரிழந்துவிடும். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றுள் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பதைக் கோலகங்சாரில் நட்டார்கள். பினாங்குத் தோட்டத்தில் கர்ட்டிசும் பால்மரம் வளர்த்துச் சீவிப் பார்த்தார். 1888-இல் சிங்கப்பூர்த் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பட்டை சீவும் முறையைக் கண்டு, சட்டைப்பை நிறையக் கொட்டைகளோடு தோட்டக்காரர்களைத் தேடி அலைந்தார். 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் என்ற சீனர் வணிகத்துக்காக ரப்பர் நட்டார். மோட்டார் கார் வந்ததும் காடு மேடெல்லாம் பால்மரமாயிற்று.

இந்த மரங்களெல்லாம் கொட்டையில் முளைத்தவை. ஆகவே ஒன்று போல் ஒன்று இல்லை. ஒரு நிரையில் மங்கு நிரம்பி வழியும் மரமும் நிற்கும். அதன் பக்கத்திலேயே, அதே மண்ணில், அதே வயதில், மங்கின் அடியை நனைக்கவும் மாட்டாத மரமும் நிற்கும். இதை முதலில் அறிந்தவர் யாராக இருக்கும்? மரம் வெட்டியவர்தாம். தன் பங்கில் எது கறவை மாடு, எது வறட்டு மாடு என்று ஒவ்வொரு வெட்டுக்காரருக்கும் தெரிந்திருக்கும். அதை அளந்து எழுதியவர்கள் பின்னால் வந்தார்கள். 1919-இல் விட்பி என்ற ஆராய்ச்சியாளர், மலாயாவில் ஏறத்தாழ ஆயிரம் மரங்களின் பாலைத் தனித்தனியே அளந்து வெளியிட்டார். பத்தில் ஒரு பங்கு மரங்கள் மட்டுமே மொத்தப் பாலில் கால் பங்குக்கும் மேல் தந்தன. மற்ற மரங்களுக்கும் அதே களையெடுப்பு, அதே நடை, அதே விடியற்காலைப் பெரட்டு.

அப்படியானால் நல்ல மரத்தின் கிளையை வெட்டி முருங்கைபோல் ஊன்றிவிடலாமே என்று தோன்றும். பால்மரம் அதற்கு எளிதில் இணங்குவதில்லை. முதிர்ந்த மரத்தின் குச்சி பெரும்பாலும் வேர்விடாது. இளங்கொழுந்துக் குச்சியை எடுத்து, இடைவிடாமல் பனிபோல் நீர் தெளித்துக் காத்தால் வேர் பிடிக்கும். ஆனால் அப்படி வந்த கன்றுக்கு ஆணிவேர் இராது. பக்கவேர்களை மட்டும் நம்பி நிற்கும் மரம், தலை கனத்ததும் சுமாத்திராக் காற்றில் சாய்ந்துவிடும். ஆகவே வேர் வேண்டும், அது கொட்டையிலிருந்து வர வேண்டும். உடம்பும் வேண்டும், அது தாய் மரத்திலிருந்து வர வேண்டும். இரண்டையும் இணைப்பது எப்படி?

விடை ஜாவாவில் கிடைத்தது. 1910-களின் நடுவில், போகோர் நகரத்து அரசாங்கத் தோட்டத்தில் வான் ஹெல்டன் என்ற டச்சுக்காரர், போடே, டாஸ் என்ற இரு தோட்டக்காரர்களோடு சேர்ந்து பால்மரத்தில் கண் ஒட்டும் முறையைச் செய்து காட்டினார். நம் தோட்டங்களில் ஒட்டுக்கட்டுதல் என்று சொன்னோமே, அதுதான்.

செய்முறையைச் சற்று விரிவாகவே சொல்வோம். இன்றைய பிள்ளைகளில் பலர் இதைப் பார்த்ததில்லை. முதலில் கொட்டைகளை மேடையில் நட்டு ஒன்று, ஒன்றரை ஆண்டு வளர்ப்பார்கள். தண்டு விரல் பருமனுக்கு மேல் வந்ததும், தரையையொட்டி மண்ணைத் துடைத்துவிட்டு, பட்டையில் இரண்டு நேர்க்கீறலும் ஒரு குறுக்குக் கீறலும் போடுவார்கள். பால் வடியும். அது வடிந்து நிற்கும்வரை பொறுத்துத் துடைத்துவிட வேண்டும். அவசரப்பட்டால் ஒட்டு பிடிக்காது. இதற்கிடையில், நல்ல தாய் மரத்தின் வழிவந்த கொம்பு ஒன்றிலிருந்து, சுண்டு விரல் நீளத்திற்குக் கண்ணோடு கூடிய பட்டையை உரித்தெடுப்பார்கள். உட்புறம் ஒட்டியிருக்கும் மரச்சிம்பை மெல்லக் கழற்ற வேண்டும். அப்போது கண்ணின் பின்னால் ஒரு சிறிய முளை நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த முளை போய்விட்டால் பட்டை ஒட்டிக்கொள்ளும், பச்சையாகவும் இருக்கும், ஆனால் என்றைக்கும் துளிர்க்காது. உட்புறத்தை விரலால் தொடக்கூடாது. மண் படக்கூடாது. கன்றின் பட்டையை வாழைப்பட்டை போல் விலக்கி, கண்பட்டையை உள்ளே வைத்து, இறுக்கிக் கட்டிவிடுவார்கள். முதலில் மெழுகுத் துணியால் கட்டினார்கள். பிற்காலத்தில் பிளாஸ்டிக் நாடா வந்தது. மழை நாளில் இந்த வேலை ஆகாது.

மூன்று வாரம் சென்று கட்டை அவிழ்த்து நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பார்ப்பார்கள். பச்சை தெரிந்தால் உயிர் பிடித்துவிட்டது. மேலும் சில நாள் விட்டுப் பார்த்த பிறகு, ஒட்டுக்கு மேலே உள்ள கன்றை அப்படியே அறுத்துத் தள்ளுவார்கள். ஒன்றரை ஆண்டு வளர்த்த கன்றின் தலையைக் கொய்வதா என்று புதிதாகப் பார்ப்பவர் மனம் பதறும். அறுத்த பின்தான் ஒட்டின கண் விழித்துத் துளிர்விடும். அதிலிருந்து வரும் மரம் முழுவதும் தாய் மரமே. வேர் மட்டும் இரவல். ஒரு தாய் மரத்திலிருந்து சில கொம்பு, ஒரு கஜக் கொம்பில் பத்துப் பதினைந்து கண், அந்தக் கண்களிலிருந்து மறுபடியும் கொம்பு என்று பெருக்கிக்கொண்டே போனால் ஒரு மரம் ஒரு காடாகிவிடும். ஒரே தாயின் உடம்பிலிருந்து பெருகிய இந்த மரக்கூட்டத்தைக் குளோன் என்கிறோம்.

மலாயாவில் இதில் முன் நின்றது சிலாங்கூரில் இருந்த பிராங் புசார் தோட்டம். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஆங்கிலேய அதிகாரிகள் சிலர் 1921-இல் தொடங்கிய தோட்டம் அது. மலாய் மொழியில் அப்பெயருக்குப் பெரும் போர் என்று பொருள். அங்கிருந்த மேஜர் கோ என்பவர், நாட்டின் பல தோட்டங்களில் பேர்போன கறவை மரங்களைத் தேடி அலைந்து, அவற்றின் வித்துகளைச் சேர்த்து வளர்த்துத் தேர்ந்தெடுத்தார். அவ்வழியில் பெயர் பெற்றது பி.பி. 86 என்ற குளோன். ஜாவாவின் ஜிராஞ்சித் தோட்டத்திலிருந்து ஜிர் 1 வந்தது. 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டு, சுங்கை பூலோவில் சோதனைக் காடு போட்டது. அங்கே ஜிர் 1-ஐயும் பி.பி. 86-ஐயும் மணம் முடித்துப் பிறந்த பிள்ளைதான் ஆர்.ஆர்.ஐ.எம். 600. விதை மரக் காடு ஆண்டுக்கு ஏக்கருக்கு 400, 500 ராத்தல் தந்தது. பி.பி. 86 ஆயிரத்தை எட்டியது. 600-ஆம் எண் நல்ல மண்ணில் 2,000 ராத்தலைத் தொட்டது. தாய்லாந்தின் ரப்பர்க் காடுகளில் இன்றும் பெருமளவு நிற்பது இந்த 600-தான். கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் பரவலாக நட்ட ஆர்.ஆர்.ஐ.ஐ. 105-க்கும் ஜிர் 1 தாய் வழியில் உறவு. பிராங் புசார் இருந்த மண்ணில் இன்று புத்ராஜெயா நகரம் நிற்கிறது.

ஆனால் வித்தை கிடைத்துவிட்டால் அதன் பயன் எல்லோருக்கும் ஒரே சீராகப் போய்ச் சேருமா? 1930-இல் உலகமெங்கும் விலை சரிந்தது. ரப்பர் விலை விழுந்த வேகத்தில், ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். 1934-இல் ரப்பர் நாடுகள் கூடி உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை செய்துகொண்டன. புதிய நிலத்தில் நடவு தடைபட்டது. பழைய காட்டை அழித்து மறுநடவு செய்ய மட்டும் ஓரளவு இடம் விட்டார்கள். கம்பெனித் தோட்டம் ஒரு துண்டை அழித்து ஒட்டுமரம் நட்டுவிட்டு, மற்றத் துண்டுகளின் வருவாயில் காத்திருந்தது. மூன்று ஏக்கர் வைத்திருந்த கம்பத்துக்காரர் எதை அழிப்பார்? ஒட்டுமரம் பால் தர ஆறேழு ஆண்டு ஆகுமே, அதுவரை அடுப்பு எரிய வேண்டாமா? கத்தி ஒன்றுதான். அதைப் பயன்படுத்தக் காத்திருக்கும் வசதி சிலருக்கே இருந்தது. 1952-இல் மறுநடவு நிதி ஏற்பட்ட பிறகே சிறு தோட்டக்காரர் பக்கம் ஒட்டுமரம் பரவலாகப் போயிற்று.

போருக்குப் பின் இருபது ஆண்டுகள் மறுநடவுக் காலம். பழைய காடுகள் சாய்ந்தன. மேடைகளில் ஒட்டுக்கட்டுகிறவர் வரிசையாகக் குனிந்து உட்கார்ந்து வேலை செய்தார்கள். ஒருவர் கீறிக்கொண்டே போவார், இன்னொருவர் பின்னால் கண் வைத்துக் கட்டிக்கொண்டே வருவார். பிடித்த ஒட்டுகளை எண்ணிக் கூலி கொடுத்த இடங்களும் உண்டு. பிடிக்காதது அவர் கணக்கில் இல்லை. அந்நாளில் தோட்டக் கூலி ரப்பர் விலையோடு கட்டப்பட்டிருந்தது. மங்கில் பால் இரட்டித்தாலும், சந்தையில் விலை இறங்கினால் கூலியும் இறங்கும். குளோன்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். ஜிராஞ்சித் தோட்டத்தின் பெயர் இருக்கிறது. பிராங் புசார் தோட்டத்தின் பெயர் இருக்கிறது. ஆராய்ச்சிக் கழகத்தின் பெயரும் எண்ணும் இருக்கின்றன. இலட்சக்கணக்கான கண்களை ஒவ்வொன்றாக ஒட்டியவர்களில் ஒருவர் பெயரும் அங்கே இல்லை. இதை நாம் குறையாகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும்.

காகிதத்துக்கு மரம் வேண்டுமென்று 1960, 70-களில் இந்நாட்டில் பைன் மரம் நட்டுப் பார்த்தபோதும் இதே சிக்கல் தலைகாட்டியது. கரீபியப் பைன் இங்கே கிடுகிடுவென வளர்ந்தது. ஆனால் கிளையே விடாமல் நரிவால்போல் ஒற்றையாய் நீண்ட மரங்கள் நிறைய. மழை ஓயாத தாழ்நிலத்தில் அது நல்ல விதையும் கொடுக்கவில்லை. விதையை வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டியிருந்தது. விதை தராத மரத்தைப் போத்திலிருந்துதானே பெருக்க வேண்டும்? பைன் மரத்தின் இயல்போ விசித்திரமானது. குழந்தைப் பருவத்துக் கன்றின் குச்சி வேர்விடும். வயதான மரத்தின் குச்சி விடாது. மரம் நல்லதா என்று தெரிவதற்குள் அதற்கு வயதாகிவிடுகிறது. நியூசிலாந்தில் தாய்க் கன்றுகளைத் தலைகிள்ளிக் குட்டையாகவே வைத்து, என்றும் இளமையாக இருக்கச் செய்து, அவற்றிலிருந்து குச்சி எடுக்கிறார்கள். நம் நாடோ 1980-களில் பைனை விட்டு அக்கேசியா மரத்துக்குப் போய்விட்டது.

ஒட்டுமரத்துக்கும் ஓர் ஆபத்து உண்டு. ஒரே தாயின் உடம்பு ஒரு காடாக நின்றால், அத்தாயைத் தாக்கும் நோய் காடு முழுவதையும் தாக்கும். பால்மரத்தின் பிறந்தகமான தென் அமெரிக்காவில் இலையைக் கருக்கி உதிர்க்கும் ஒரு காளான் நோய் இருக்கிறது. கார்க் கம்பெனி முதலாளி ஹென்றி ஃபோர்டு 1920-களின் இறுதியில் அமேசான் பகுதியில் ஃபோர்ட்லாண்டியா என்ற பெருந்தோட்டம் போட்டார். மரங்கள் நெருங்கி வளர்ந்து கிளைகள் தொட்டுக்கொண்டதும் அந்நோய் பரவிக் காட்டை மொட்டையாக்கியது. நம் பக்கத்து உயர்ந்த குளோன்களைக் கொண்டுபோய் ஒட்டிப் பார்த்தார்கள். அவையும் தாங்கவில்லை. பிறகு, வேர் ஒன்று, பால் தரும் தண்டு இன்னொன்று, நோய் தாங்கும் தலை மூன்றாவது என்று ஒரே மரத்தில் இரண்டு முறை ஒட்டினார்கள். அத்தனையும் செய்தும் 1945-இல் ஃபோர்டு கம்பெனி தோட்டங்களை பிரேசில் அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டு வெளியேறியது. அந்நோய் இன்றுவரை மலேசியாவுக்குள் வரவில்லை. தென் அமெரிக்காவிலிருந்து செடி, இலை, மண் எதையும் அனுமதியின்றிக் கொண்டுவரக் கூடாது என்று விமான நிலையத்தில் கெடுபிடி செய்வது இதற்காகத்தான்.

நம்மில் பலர் வாழ்ந்த தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. செம்பனைக்குக் கிளையும் இல்லை, ஒட்டுவதற்குப் பட்டையும் இல்லை. உச்சியில் ஒரே ஒரு குருத்து. ஆகவே அங்கே ஒட்டுக்கத்திக்கு வேலை இல்லை. கண்ணாடிக் குடுவைக்குள் திசுவை வளர்த்துக் கன்று எடுக்கும் வேலை ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டது.

உங்கள் வீட்டுப் பக்கத்தில் பழைய பால்மரம் எங்கேனும் நின்றால், பிள்ளைகளை அழைத்துக்கொண்டுபோய் அதன் அடியைக் காட்டுங்கள். அடி பெருத்து மேலே போகப்போகச் சிறுத்திருந்தால் அது கொட்டையில் முளைத்த மரம். அடியிலிருந்து உயரம்வரை தூண்போல் ஒரே பருமனாக இருந்து, தரையையொட்டி யானைக்கால்போல் ஒரு தடித்த வளையம் தெரிந்தால் அது ஒட்டுமரம். அந்த வளையத்துக்குச் சற்று மேலேதான் யாரோ ஒருவர், முதல் வெயில் ஏறுமுன், பால் வடிந்து நிற்கும்வரை காத்திருந்து, ஒரு கண்ணை வைத்துக் கட்டினார்.